பறக்கும்போது வாந்தி வந்தால் பைலட் ஆக முடியாதா?

கேள்வி: ஐயா, வணக்கம். பைலட் பயிற்சியில் சேர்ந்து 9 மணி நேரம் பறந்திருக்கிறேன், அதில் பாதி நாள் வாந்தி. இன்ஸ்ட்ரக்டர் விமானத்தை நன்றாகச் சாய்த்துத் திருப்பும் ஸ்டீப் டர்ன் செய்து காட்டும்போது தலை சுற்ற ஆரம்பித்தால் இறங்கும்வரை நிற்பதில்லை. பஸ்ஸுக்குப் போடும் அவோமின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறலாமா? அப்பா கடன் வாங்கிச் சேர்த்துவிட்டார், வீட்டில் சொல்லவே பயமாக இருக்கிறது. எனக்கு உங்கள் மகள் வயதுதான் இருக்கும், அப்படி நினைத்துப் பதில் சொல்லுங்கள்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மகளே, முதலில் அந்த மாத்திரை. வேண்டாம். அதில் இருக்கும் புரோமெத்தசின் தூக்கத்தையும் மந்தத்தையும் கொண்டுவரும். பஸ்ஸில் நீ கண்ணயர்ந்தால் ஒன்றும் ஆகாது, இங்கே கன்ட்ரோல் உன் கையில் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டு ஏறுவதை நினைத்தும் பார்க்காதே.

ஸ்டீப் டர்னில் என்ன நடக்கிறது தெரியுமா? நம் காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றில் திரவம். விமானம் 45 டிகிரி சாய்ந்து ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சற்று நேரத்தில் அந்தத் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும், அப்போது காது 'திரும்பவில்லை' என்கிறது, வெளியே பார்க்கும் கண் 'திரும்புகிறோம்' என்கிறது, இரண்டுக்கும் நடுவில் மூளை தவிக்கிறது. அந்த நேரம் பார்த்து மடியிலிருக்கும் செக்லிஸ்ட்டைக் குனிந்து பார்த்தால் இன்னொரு குழாயும் கலங்கி, உலகமே உருளும். அதனால் டர்னில் தலையை ஆட்டாதே, பார்வை தூரத்துத் தொடுவானத்தில் இருக்கட்டும். காற்றுத் துவாரத்தை முகத்துக்கு நேராகத் திருப்பி வை.

அப்புறம், கார் ஓட்டுகிறவருக்கு அநேகமாகக் குமட்டாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் குமட்டும். விமானத்திலும் அதேதான். இன்ஸ்ட்ரக்டர் செய்து காட்டுவதைக் குறைத்துக்கொண்டு உன்னையே செய்யவிடச் சொல்லிக் கேள்.

வெறும் வயிற்றோடு போகாதே, நெய்ப்பொங்கலும் வேண்டாம், ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். இஞ்சி மரப்பா சிலருக்குக் கேட்கும். நண்பகலில் தரை சூடேறிக் காற்று மேலே கிளம்பும்போது செஸ்னா மாதிரி சின்னப் பயிற்சி விமானம் குலுங்கத்தான் செய்யும், கொஞ்ச நாளைக்குக் காலை முதல் ஸ்லாட்டையே கேட்டு வாங்கு.

இதெல்லாம் துணைதான். நிஜ மருந்து பழக்கம். அரை மணி நேரம், நாற்பது நிமிடம் என்று சின்னச் சின்னதாக, ஆனால் இடைவெளி விடாமல் பற. குமட்டல் ஆரம்பித்த உடனேயே 'போதும், இறங்கலாம்' என்று சொல்லிவிடு, வாந்தி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் உடம்பு பழகாது, பயம்தான் பழகும். ஊருக்குப் போய் இரண்டு மூன்று வாரம் பறக்காமல் இருந்துவிட்டால் பழகியது கொஞ்சம் விட்டுப்போகலாம், அப்போது கலங்காதே.

1961-இல் சோவியத் விண்கலமான வோஸ்டாக் 2-இல் பூமியை 17 முறை சுற்றிய கெர்மன் டிட்டோவ் ராணுவ பைலட்தான், விண்வெளியில் முதன்முதலில் குமட்டி வாந்தி எடுத்தவரும் அவர்தான். உனக்கு வருவது தகுதிக்குறைவு இல்லை, மகளே. காது சரியாக வேலை செய்கிற எவருக்கும் வரக்கூடியது.

இத்தனையும் செய்து, இருபது இருபத்தைந்து மணி நேரம் பறந்த பிறகும் ஒவ்வொரு முறையும் வாந்தி என்றால் பைலட்களுக்கு மெடிக்கல் செய்யும் மருத்துவரிடம் காட்டு. அதற்கு முன்னால் அப்பாவிடம் 'சரிப்படாது' என்று சொல்லாதே, 'கொஞ்சம் குமட்டுகிறது, பழகிக்கொண்டிருக்கிறேன்' என்று இன்று இரவே போனில் சொல்லிவிடு. இன்ஸ்ட்ரக்டரிடம் நாளைக் காலை, விமானத்தில் ஏறுவதற்கு முன்னால்.