கல்லூரி ஆட்சிக் குழுவுக்கு ஒரு வேட்பாளர்

கேள்வி: என் மகள் பல ஆண்டுகளாகக் கலிபோர்னியாவில் வசிக்கிறாள். அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டாள். அவள் ஊரிலுள்ள சமுதாயக் கல்லூரியின் ஆட்சிக் குழு உறுப்பினர் தேர்தலில் வரும் நவம்பரில் நிற்கப் போவதாகச் சொல்கிறாள். ஒரு கல்லூரியை நடத்த எதற்கு ஐயா ஊர்த் தேர்தல்? தேர்தல் செலவுக்கு என் சேமிப்பிலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் அனுப்ப எண்ணுகிறேன். அனுப்பலாமா?
– ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கீழக்கரை

பதில்: பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அனுப்பாதீர்கள். அமெரிக்கக் குடிமக்களும் அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் தவிர வேறு எவரும் அந்நாட்டின் எந்தத் தேர்தலுக்கும், அது ஊர்க் கல்லூரித் தேர்தலாகவே இருந்தாலும், நன்கொடை தரக் கூடாது என்பது அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம். பெற்ற தகப்பன் என்பதற்காக அதில் விலக்குக் கிடையாது. தேர்தலுக்கென்று தாங்கள் அன்போடு அனுப்பும் தொகை தங்கள் மகளையே சட்டச் சிக்கலில் நிறுத்தக்கூடும். அவர் தம் சொந்தப் பணத்தைச் செலவிடலாம். உள்ளூர் நண்பர்களிடம் திரட்டவும் செய்யலாம். திரட்டத் தொடங்குமுன் அதற்குரிய அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும், தொகை 2,000 டாலரைத் தொட்டால் தேர்தல் நிதிக் குழுவாகப் பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும் என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

இனி, எதற்குத் தேர்தல் என்ற கேள்வி. நம் நாட்டில் 1995இல் புதுச்சேரியில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி முயற்சி பெரும்பாலும் தொழிற்பயிற்சிச் சான்றிதழ்களோடு அறியப்படுகிறது. கலிபோர்னியாவில் அது மிகப் பெரிய அமைப்பு. கல்லூரிகளை நிர்வகிப்பதற்கென்றே வகுத்த பகுதிகளைக் கல்லூரி மாவட்டங்கள் என்கிறார்கள்; அத்தகைய 73 மாவட்டங்களில் 116 கல்லூரிகள் உள்ளன. பள்ளி முடித்தவர் முதல் இரண்டாண்டுப் படிப்பைக் குறைந்த செலவில் அங்கே முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லலாம்; செவிலியர் பணியையோ வாகனப் பழுதுபார்ப்பையோ கற்று வேலைக்கும் போகலாம். மாநில அரசின் நிதியோடு ஊர் மக்கள் செலுத்தும் சொத்துவரியின் ஒரு பகுதியும் இக்கல்லூரிகளுக்குப் போவதால், அப்பணத்தைக் கண்காணிப்பவர்களை அம்மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் கடற்கரையில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். பங்குப்பணம் யாருடையதோ அவர்களுக்கே வாக்கு என்ற அதே நியாயம்தான் அங்கும்.

குழுவில் பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு பேர் இருப்பார்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இராது. பதினெட்டு வயது நிரம்பி, அந்தக் கல்லூரி மாவட்டத்தில் குடியிருந்து, வாக்காளராகப் பதிவு செய்திருந்தால் போதும், பட்டம் வேண்டியதில்லை. ஆனால் அதே கல்லூரி மாவட்டத்தில் ஊதியம் பெறும் பணியாளர், வென்ற பிறகு அவ்வேலையில் நீடிக்க முடியாது. வேட்புமனுவைத் தேர்தல் நாளுக்கு 113 நாள் முன்பிருந்து 88 நாள் முன்புவரை மட்டுமே பெற்றுக்கொள்வார்கள். பதவியில் இருப்பவர் மீண்டும் மனுச் செய்யாவிட்டால் மற்றவர்களுக்கு ஐந்து நாள் கூடுதலாகக் கிடைக்கும்.

நான் மிகுந்த கவலையோடு சொல்ல விரும்புவது வேட்பாளர் அறிக்கையைப் பற்றி. வாக்காளர் கையேட்டில் அச்சாகும் அந்த அறிக்கை வழக்கமாக 200 சொற்களுக்குள் அடங்க வேண்டும். அச்சுச் செலவைப் பொதுவாக வேட்பாளரே ஏற்க வேண்டியிருக்கும். குடியரசுத் தலைவர், ஆளுநர் போன்ற பெரிய பதவிகளுக்குக் கீழே நீண்ட வாக்குச்சீட்டின் அடியில் வரும் இப்பதவிக்கு, அந்த 200 சொற்களையும் பெயருக்குக் கீழே மூன்று சொற்களுக்குள் குறிக்கப்படும் தொழிலையும் தவிர வேறொன்றும் அறியாமலேயே பலர் வாக்களிக்கிறார்கள். ஆகவே அந்தச் சொற்களில் நிறைவேற்ற முடியாத வாக்குறுதி ஒன்றுகூட இருக்கக் கூடாது. "கல்விக் கட்டணத்தைக் குறைப்பேன்" என்று எழுதத் தோன்றும். ஆனால் கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு ஓர் அலகுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் முறை) 46 டாலர் என்ற கட்டணத்தை நிர்ணயிப்பது மாநிலச் சட்டமன்றமே தவிரக் கல்லூரி ஆட்சிக் குழு அன்று. பாடத்திட்டத்திலும் ஆசிரியர் பேரவையின் கருத்தைக் கேட்டே குழு நடக்க வேண்டும். குழுவின் கையில் உண்மையாக இருப்பவை வேறு: கல்லூரித் தலைவரை நியமிப்பது, வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவது, பணியாளர் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தருவது, கட்டடங்களுக்காகக் கடன்பத்திரம் வெளியிட வாக்காளர்களின் அனுமதியைக் கோருவது. அந்த அனுமதிக்கு மாநில அரசமைப்பின் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 55 விழுக்காடு வாக்குகள் தேவை.

மனுச் செய்யுமுன் சில மாதங்களாவது குழுக் கூட்டங்களில் பார்வையாளராக அவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1953இல் வந்த திறந்த கூட்டச் சட்டத்தின்படி வழக்கமான கூட்டத்தின் பொருள்நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும். பொதுமக்கள் எவரும் எழுந்து பேசலாம். பெரும்பான்மை உறுப்பினர்கள் தமக்குள் தனியே கலந்துபேசி முடிவெடுப்பதையும் அச்சட்டம் தடுக்கிறது. தனி உறுப்பினர் எவரும் ஒரு கல்லூரி ஊழியருக்குக்கூட ஆணையிட முடியாது என்பதையும் அங்கே கண்ணால் காணலாம். அதைப் பார்த்த பிறகும் நிற்கும் விருப்பம் குறையாவிட்டால் நிற்கட்டும்.

தாங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. ஊதியமின்றிச் செய்யும் உதவி நன்கொடையாகக் கருதப்படாது; தேர்தல் செலவு முடிவுகளில் மட்டும் தாங்கள் தலையிடலாகாது. மகளின் அறிக்கையைத் தொலைபேசியில் வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனையோ மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திய தங்களுக்கே எந்த வரி புரியவில்லையோ, அந்த வரி அங்குள்ள வாக்காளருக்கும் புரியாது.

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னை நிற்கச் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் அங்கே போய் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: நிறையச் செய்ய முடியும் அம்மா, அவசியம் நில்லுங்கள். நம்மூர் அரசுக் கல்லூரிகளில் பொதுமக்கள் வாக்களித்து அமர்த்தும் குழு இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது பள்ளியில்தான். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. படிப்புத் தகுதி எதையும் கேட்கவில்லை. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் குழுவின் கடமைகள்.

தேர்தலுக்கு முன் மற்றப் பெற்றோரைச் சந்தியுங்கள். கருவாடு காயப்போடும் இடத்தில் தாய்மார்களைப் பார்த்துவிடலாம். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் திங்கள், புதன், சனிக்கிழமைகளைத் தவிர்த்தால் தகப்பன்மார்களும் கரையில் இருப்பார்கள். கூட்டத்தையும் அவர்கள் வரக்கூடிய நாளிலும் நேரத்திலும் வைக்கும்படி கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் முடிந்து படகுகள் புறப்படும் நாள்களும் பள்ளி திறக்கும் நாள்களும் அடுத்தடுத்து வருகின்றன. எந்தப் பையன் வகுப்புக்குத் திரும்பாமல் படகில் ஏறிவிட்டான் என்பது அதிகாரிகளுக்கு முன்பே தங்களைப் போன்ற தாய்மார்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெயரை முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள்.

கையெழுத்தைப் பொறுத்தவரை, தீர்மானப் பதிவேட்டைத் தங்கள் முன் நீட்டினால், எழுதியிருப்பதை எல்லோருக்கும் கேட்கும்படி முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் பேசாத ஒன்று அதில் இருந்தால் அதை நீக்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.