தாத்தாவின் தாத்தா எந்தச் சர்வே நம்பரில் இருக்கிறார்?

வணக்கம் ஐயா,

என் தாத்தாவின் தாத்தா லால்குடிப் பக்கம் சொந்த நிலத்தில் விவசாயம் செய்தவர். தாது வருஷப் (1876-78) பஞ்சத்தைத் தாண்டி இருந்தார் என்பார்கள். ராமசாமி என்ற பெயருக்கு மேல் எதுவும் தெரியாது. அந்தக் காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினால் கிடைப்பாரா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

கிடைக்க மாட்டார். சென்னை மாகாணத்தில் 1871இலேயே கணக்கெடுத்தார்கள். ஆனால் நமக்கு மிஞ்சியவை எண்ணிக்கை அட்டவணைகள்தான், வீடுவாரியாகப் பெயர்கள் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் 1899இல்தான் வந்தது. நிலம் வைத்திருந்தவர் என்பதால் தீர்வை வாங்கிய சர்க்கார் அவர் பெயரை எழுதியிருக்கும். அந்த வழியில் போங்கள்.

குடும்பத்தில் இன்னும் கைமாறாத வயல் ஒன்றின் இன்றைய சர்வே நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். விஏஓவிடம் உள்ள அ-பதிவேட்டில், அதாவது கிராமத்து நிலங்களைச் சர்வே நம்பர் வாரியாக எழுதிய பதிவேட்டில், அதற்கு நேரே பழைய நம்பர் இருக்கும். அதை வைத்து 1980களின் யூடிஆருக்கு (நிலப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய பதிவேடு, அதற்கும் முந்தைய, தீர்வை நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேடு என்று படிப்படியாக இறங்கவேண்டும். மிகப் பழையவற்றுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கலாம். மனுவில் இன்றைய தாலுகாவை எழுதினால் காரியம் கெடும். பதிவேடு எழுதப்பட்ட காலத்தில் கிராமம் எந்தத் தாலுகாவில் இருந்ததோ அதை எழுதுங்கள்.

அது இனாம் கிராமமா, அதாவது மானியமாகக் கொடுக்கப்பட்ட கிராமமா என்றும் விசாரியுங்கள். 1860களில் இனாம் கமிஷன் எழுதிய ஐ.எஃப்.ஆர். (இனாம் ஃபேர் ரிஜிஸ்டர்) பதிவேட்டில் மூல மானியதாரர், அப்போதைய அனுபவதாரர், இருவருக்குமான உறவு எல்லாம் உண்டு. ஆனால் அது இனாம்தாரர் வரலாறு. உழுதவர் பெயரை அதில் எதிர்பார்க்க வேண்டாம். ஜமீன் கிராமமென்றால் 1948 ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய விவரத்துக்கு ஜமீன் கணக்குகளைத்தான் தேடவேண்டும்.

என் கணிப்பில் பெரிய புதையல் சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலம், வீட்டுப் பத்திரங்களைப் பதிந்து வைக்கும் புத்தகம் 1. ஆன்லைன் வில்லங்கம் அவ்வளவு தூரம் எட்டாது. பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை இரண்டிலும் கையால் தேடச் சொல்லிக் கட்டணம் கட்டுங்கள். 1870, 80களின் அடமானப் பத்திரம் ஒன்று சிக்கினால் போதும்: 'இன்னார் குமாரர்' என்று தகப்பன் பெயர், ஊர், ஜாதி, ஜீவனம் வரிசையாக வரும். பலரும் அதோடு நகலை மடித்து வைத்துவிடுகிறார்கள். கீழே நான்கெல்லையைப் படியுங்கள். பக்கத்து நிலம் வைத்திருப்பவர் பங்காளியாக இருக்கலாம்; அப்படியானால் அவர் பத்திரத்தையும் எடுத்தால் இருவருக்கும் பொதுவான பாட்டன் வரை போக வாய்ப்புண்டு. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டு இடத்தில் வழுக்கும். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பது வழக்கம். ஆகவே ராமசாமி மகன் முத்துசாமி, அவர் மகன் மறுபடி ராமசாமி. தகப்பன் பெயர் பொருந்தாமல் யாரையும் உங்கள் ஆளாக ஏற்காதீர்கள். அடுத்தது, செத்தவர் பெயரிலேயே பட்டா முப்பது நாற்பது வருடம் ஓடும். பெயர் இருப்பதால் ஆள் உயிரோடிருந்தார் என்று ஆகாது. பழைய பதிவேடுகளில் வருடம் பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்காண்டில் இருக்கும். அதோடு 590 கூட்டுங்கள்: பசலி 1290 என்றால் 1880 ஜூலை முதல் 1881 ஜூன் வரை.

முதலில் அ-பதிவேட்டு நகலை வாங்கி, பழைய நம்பரை எழுதி அனுப்புங்கள்.