கர்ணன் என்றால் கொடையாளியா?

கேள்வி: என் பேத்திக்கு 'வனெஸா' என்று பெயர் வைக்கப் போகிறார்கள். கிரேக்க மொழியில் வண்ணத்துப்பூச்சி என்று பொருளாம். சரிதானா என்று இணையத்தில் தேடினால், ஒரு தளம் லத்தீன் என்கிறது, இன்னொன்று 'அழகும் அறிவும் நிறைந்தவள்' என்கிறது. வேறு பெயர்களைத் தேடினாலும் இதே கதைதான். நாலு தளம் பார்த்தால் நாலு பொருள். ஒரு பெயரின் உண்மையான பொருளை எப்படித்தான் தெரிந்துகொள்வது? (ஒரு வாசகி)

பதில்: கிரேக்கத்துக்கும் வனெஸாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் தம் தோழி எஸ்தர் வன்ஹோம்ரியைக் கவிதையில் மறைமுகமாகக் குறிப்பிட விரும்பினார். குடும்பப் பெயரிலிருந்து 'வன்', எஸ்தரின் செல்லச் சுருக்கமாக 'எஸா', இரண்டையும் ஒட்டினார். கவிதை 1726இல் அச்சில் வந்தது. அதற்குச் சுமார் 80 ஆண்டு கழித்து, 1807இல், டென்மார்க் விலங்கியலாளர் ஃபப்ரீசியஸ் வண்ணத்துப்பூச்சிப் பேரினம் ஒன்றுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். அதாவது பெயர்தான் பூச்சிக்குப் போனது. பழைய கிரேக்கத்தில் வண்ணத்துப்பூச்சி 'ப்சூகே'. உயிருக்கும் அதே சொல். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, தாராளமாக வைக்கட்டும். அழைப்பிதழில் 'கிரேக்கப் பெயர்' என்று மட்டும் அச்சடிக்க வேண்டாம்.

'அழகும் அறிவும் நிறைந்தவள்' என்பதை எந்தப் பெண் பெயருக்கும் பொருளாக எழுதிவிடலாம். எந்தப் பாட்டியும் வழக்குப் போடப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறார்கள்.

பெயருக்கு உரியவரின் குணத்தைத் தூக்கிப் பெயருக்கே பொருளாக்குவது இன்னொரு வேலை. கர்ணனுக்கு நேராகக் 'கொடையாளி' என்று இருக்கும். கர்ணம் என்றால் காது. காதில் குண்டலத்தோடு பிறந்தவன் என்ற கதைக்குப் பொருந்தும் பெயர் அது. அர்ஜுனனுக்கு 'மாவீரன்' என்று போடுவார்கள். அந்தச் சொல்லுக்கு வெண்மை, பளிச்சென்ற நிறம் என்று பொருள். பட்டை வெளிறிய மருத மரத்துக்கும் வடமொழியில் அர்ஜுனம் என்றுதான் பெயர். சாலமனை 'ஞானி' ஆக்கிவிட்டார்கள். எபிரேயத்தில் அவர் ஷ்லோமோ. சமாதானத்தைக் குறிக்கும் ஷாலோம் என்ற சொல்லுக்கு உறவு. ஞானம் அந்த அரசருக்கு இருந்தது, பெயரில் கிடையாது.

பெரிய குளறுபடி எழுத்தில் நடக்கிறது. ரோமன் எழுத்திலோ தமிழ் எழுத்திலோ ஒன்றுபோலத் தெரிவதையெல்லாம் ஒரே பெயராகச் சேர்த்துவிடுகிறார்கள். பானுவை எடுத்துக்கொள்ளுங்கள். பானுமதியில் இருப்பது வடமொழி பானு, சூரியன். நூர்பானுவில் இருப்பது பாரசீக பானூ, சீமாட்டி. முன்னதில் 'பா'வை மூச்சுக்காற்று அழுத்தி ஒலிக்க வேண்டும், ஈற்றில் குறில். பின்னதில் மூச்சழுத்தம் இல்லை, ஈற்றில் நெடில். தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடெல்லாம் போய்விடும். பவனும் அப்படித்தான்: பவனகுமாரனின் பவன் காற்று, ராஜ்பவனின் பவன் வீடு. ரோமன் எழுத்தில் கிரணுக்குப் பக்கத்தில் அயர்லாந்தின் கியரன் வந்து உட்கார்ந்துகொள்வார். முன்னவர் ஒளிக்கதிர், பின்னவர் 'கியர்' என்ற வேரிலிருந்து வந்த கருமை. இரண்டையும் ஒரே வரியில் போட்டு 'ஒளிமயமான கருநிறத்தான்' என்று எழுதாதவரை லாபம். மாயா வடமொழியில் தோற்ற மயக்கம். எபிரேயப் பெண்ணின் பெயராக இருந்தால் தண்ணீரைக் குறிக்கும் சொல்லோடு சேரும். ரோஷினியை வடமொழிப் பட்டியலில் அடிக்கடி பார்க்கலாம், அது பாரசீகம்.

சில பெயர்களைப் பாதியில் வெட்டிவிட்டுப் பொருள் சொல்கிறார்கள். 'அப்துல்: அடிமை' என்று ஒரு வரி. தனியே அப்துல் என்று முழுப்பெயரே அரபியில் அமையாது. 'அப்து' என்றால் அடியார். 'அல்' என்பது அடுத்த சொல்லின் முன் வரும் சுட்டு. அடுத்து இறைவனின் திருநாமம் ஒன்று வந்தால்தான் பெயர் நிறைவுபெறும்: அப்துல் ரஹ்மான், அளவற்ற அருளாளனின் அடியார். எத்தியோப்பியாவில் ஹைலே செலாசியும் இப்படித்தான். ஹைலே வல்லமை, செலாசி திரித்துவம், அதாவது கிறிஸ்தவர்கள் வணங்கும் மூவொரு கடவுள். சேர்த்தால் 'திரித்துவத்தின் வல்லமை'.

எல்லாப் பெயரையும் இப்படிச் சேர்த்துப் பொருள் சொல்லலாமா என்றால், அதுவும் கூடாது. பழைய ஜெர்மானியப் பெயர்கள் இரண்டு துண்டுகளால் ஆனவை. ஃபிரெடரிக்கில் அமைதியும் ஆட்சியும் இருக்கின்றன. 'அமைதியாக ஆள்பவன்' என்று எழுதிவிடலாம். ஹில்டகுண்டை என்ன செய்வது? ஹில்ட் என்றால் போர், குண்ட் என்றாலும் போர். ஃபிரெடகுண்டில் அமைதியும் போரும் அடுத்தடுத்து நிற்கின்றன. வாக்கியமாகப் படிப்பதற்காக அவற்றை யாரும் கோக்கவில்லை. குடும்பத்தில் புழங்கிய துண்டுகளை மாற்றி மாற்றி இணைத்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வூஸ்டர் நகர ஆயராக இருந்த வுல்ஃப்ஸ்டனின் தந்தை ஏதல்ஸ்டன், தாய் வுல்ஃப்கிஃபு. தாயிடமிருந்து முன்பாதி, தந்தையிடமிருந்து பின்பாதி. இதை 'ஓநாய்க் கல்' என்று மொழிபெயர்த்து அதில் வீரத்தைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோர் பெயரில் பாதிப்பாதி எடுத்து ஒட்டுவது இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்.

இன்னும் சில பெயர்களுக்கு அகராதி மட்டும் போதாது, பிறப்பின் சூழ்நிலையும் வேண்டும். கானாவின் அகான் மக்களிடம் கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்த 1938 ஏப்ரல் 8 வெள்ளிக்கிழமைதான். சனிக்கிழமைப் பையன் குவாமே, சனிக்கிழமைப் பெண் அமா. ஓசை பிடித்திருக்கிறது என்று செவ்வாய்க்கிழமைக் குழந்தைக்குக் கோஃபி என்று வைத்தால், அகான் மொழி தெரிந்தவர் பிறந்த கிழமையைத் தவறாகப் புரிந்துகொள்வார். நைஜீரியாவின் யொருபா மொழியில் பாபாதுண்டே, 'தந்தை திரும்பி வந்துவிட்டார்'. குடும்பத்தின் மூத்த ஆண், பெரும்பாலும் தாத்தா, இறந்த பிறகு பிறக்கும் பையனுக்கு உரியது. தாத்தா திடமாக நடமாடும் வீட்டில் இந்தப் பெயரை வைத்துத் தொலைக்காதீர்கள்.

ஜப்பானியப் பெயருக்குப் பொருள் கேட்டு வருகிறவரிடம் 'எந்த எழுத்து?' என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். யுகி என்ற ஒலியைப் பனிக்குரிய எழுத்தாலும் எழுதலாம், மகிழ்ச்சிக்குரிய எழுத்தாலும் எழுதலாம். வேறு பல வழிகளும் உண்டு. பொருள் எழுத்தில் இருக்கிறது. அங்கே குடும்பப் பதிவேட்டில் பெயரின் உச்சரிப்பையும் சேர்க்க வேண்டும் என்ற சட்டமே 2025 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, பொருளை முதலில் தேடாதீர்கள். எந்த மொழிக்காரர்கள், எந்தக் காலத்திலிருந்து இந்தப் பெயரை வைக்கிறார்கள் என்று பாருங்கள். அது கிடைத்ததும் அந்த மொழியின் சொந்த எழுத்தில் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். குறில் நெடில், மூச்சொலி எல்லாம் அங்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் அகராதி. அதுவும் குழந்தைப் பெயர்ப் புத்தகம் வேண்டாம், அந்த மொழியின் சாதாரண அகராதி. வடமொழிக்கு மோனியர் வில்லியம்ஸ், தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன். இரண்டும் இணையத்தில் இலவசம். 'வடமொழிப் பெயர்' என்று தளம் சொல்லும் பெயரின் வேர்ச்சொல் அங்கே தலைச்சொல்லாகவோ கூட்டுச்சொல்லின் உறுப்பாகவோ இல்லையென்றால், தளத்தைச் சந்தேகியுங்கள். வேரைக் காட்டாமல் புகழ்ச்சியை மட்டும் அடுக்கும் பதிவைப் படிக்கவே வேண்டாம்.

'இதன் பொருள் உறுதியாகத் தெரியவில்லை' என்று எழுதியிருக்கும் இடத்தைக் கூடுதலாக நம்பலாம். மேரி என்ற பெயரையே பாருங்கள். மூலம் எபிரேய மிரியாம். கசப்பு, கலகம், எகிப்திய மொழியில் 'அன்புக்குரியவள்' என்று பல விளக்கங்கள் இருக்கின்றன. அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. 'கடல் விண்மீன்' என்ற புகழ்பெற்ற விளக்கம், லத்தீனில் துளியைக் குறிக்கும் 'ஸ்தில்லா'வைப் படியெடுத்தவர்கள் விண்மீனைக் குறிக்கும் 'ஸ்தெல்லா' ஆக்கியதால் வந்தது என்பதே பொதுவான கருத்து.

பொருள் சரியாக இருந்தாலும், குழந்தை எந்த நாட்டில் வளரப் போகிறதோ அங்கே அது ஆண் பெயரா பெண் பெயரா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரஷ்யாவில் நிகிதா ஆண்பிள்ளை, சோவியத் தலைவர் குருஷேவின் பெயரே அதுதான். ஆந்த்ரேயா ஜெர்மனியில் பெண், இத்தாலியில் பெரும்பாலும் ஆண்.