விலை அதிகமான டெனிம் ஜீன்ஸ் டிசைனர்களுக்கு ஏன் இன்னும் சலிக்கவில்லை?

ப்ளூ ஜீன்ஸை நான் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று பிரெஞ்சு ஃபேஷன் டிசைனர் ஈவ் செயின்ட் லாரன்ட்டே ஏங்கியிருக்கிறார். காரணம் துணியிலேயே இருக்கிறது. டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குத்தான் இண்டிகோ என்ற நீலச் சாயம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. அந்த இண்டிகோவும் நூலின் உள்வரை இறங்காமல் மேலாகவே படிவதால், போடப் போட முழங்காலிலும் தொடை மடிப்பிலும் பர்ஸ் வைக்கிற பாக்கெட்டிலும் வெளுத்து, போடுபவரின் உடம்புக்கே உரிய தடம் விழுகிறது. பழசாக ஆக இப்படி அழகு கூடுகிற துணி அபூர்வம். பாக்கெட் ஓரத்தில் அடித்திருக்கும் சின்ன உலோகக் குமிழான ரிவெட்டும் அலங்காரத்துக்கு வந்ததல்ல, உழைப்பாளிகளின் பாக்கெட் கிழியாமல் இருக்க 1873-இல் லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை வாங்கியது.

சரி, கூடுதல் விலை எதற்கு? கால் மடிப்பைத் திருப்பிப் பாருங்கள், நாடா ஓடும் பழைய பாணி ஷட்டில் தறியில் நெய்த செல்வெட்ஜ் (தறியிலேயே ஓரம் கட்டிய துணி) என்றால் ஓரம் பிசிறில்லாமல் இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால் அதைவிட இடுப்பும் தொடையும் கச்சிதமாக அமைகிற வெட்டுதான் முக்கியம்.