மருத்துவர் பதில்: துளையா, கீறலா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய்க் கட்டி. ஸ்கேனில் வேறெங்கும் பரவல் தெரியவில்லை. ஒரு டாக்டர் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) என்கிறார், இன்னொருவர் வயிற்றைத் திறந்துதான் செய்வேன் என்கிறார். துளை வழியாகச் செய்தால் நோய் மிச்சம் இருந்துவிடுமோ?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்தப் பயம் ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இருந்தது. வட அமெரிக்காவில் 48 மருத்துவமனைகளில் 872 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2004-ல் வெளியானது. 3 ஆண்டுகளில் நோய் திரும்பியவர்கள் லேப்ராஸ்கோப்பியில் 16 சதவீதம், திறந்த அறுவையில் 18 சதவீதம். ஏறக்குறைய சமம்தான். வீடு திரும்ப லேப்ராஸ்கோப்பியில் 5 நாள், திறந்த அறுவையில் 6 நாள் ஆனது.

அதே ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு லேப்ராஸ்கோப்பியைப் பாதியில் நிறுத்தி வயிற்றைத் திறக்க நேர்ந்தது. பழைய அறுவையால் குடல் ஒட்டியிருந்தாலோ, கட்டி பக்கத்து உறுப்பைப் பிடித்திருந்தாலோ அப்படிச் செய்வதுதான் சரி. அதில் கலந்துகொண்ட சர்ஜன்கள் முன்பே குறைந்தது 20 லேப்ராஸ்கோப்பி குடல் அறுவை செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. நீங்களும் 'இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்?' என்று தயங்காமல் கேளுங்கள். திறந்து செய்வதில் கை தேர்ந்தவர் அப்படியே செய்யட்டும்.

எந்த வழியானாலும் எடுக்க வேண்டியது ஒன்றே: சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டர், பெருங்குடலின் வலப்பக்கம், அதற்குப் போகும் ரத்தக் குழாயை அடியிலேயே கட்டி அதையொட்டிய கொழுப்பும், நோய் முதலில் பரவக்கூடிய நிணநீர் முடிச்சுகளும். பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் முதலில் முடிச்சுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். குறைந்தது 12 பரிசோதித்திருக்க வேண்டும். 7 முடிச்சை மட்டும் பார்த்துவிட்டு 'எதிலும் நோய் இல்லை' என்றிருந்தால் அதை முழுதாக நம்ப முடியாது. எடுத்த கொழுப்பில் இன்னும் தேடிப் பார்க்கச் சொல்லி லேபுக்கு எழுதலாம். ஒரு முடிச்சில் நோய் இருந்தாலும் அது மூன்றாம் நிலை. கீமோவை அறுவை முடிந்து 8 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது.

கேள்வி: குடலைச் சேர்த்துத் தைத்த இடம் பிரிந்துவிடும் என்கிறார்களே?
— வாசகர், ஈரோடு

பதில்: சிலருக்கு நடக்கிறது, பெரும்பாலும் முதல் வாரத்தில். தைத்த இடத்துக்கு ரத்த ஓட்டம் போதாமல் போவதும், குடல் இழுபட்டு நிற்பதும் முக்கியக் காரணங்கள். புகைப்பழக்கம், ரத்தத்தில் புரதக் குறைவு, ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் ஆபத்து கூடும். குறையவேண்டிய வலி கூடுவது, வயிறு உப்புவது, காய்ச்சல், நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டுவது எல்லாம் எச்சரிக்கை. காய்ச்சலுக்கு முன்பே நாடி ஏறலாம். அறுவைக்குப் பின் 3, 4-ஆம் நாளில் சி.ஆர்.பி. (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேல் நின்றால் ஸ்கேன் எடுப்பது நல்லது. வீட்டுக்கு வந்த பிறகு இப்படியானால் பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: வயிற்றில் மலம் சேரும் பை வைப்பார்களா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: திட்டமிட்டுச் செய்யும் வலப்பக்க அறுவையில் பெரும்பாலும் தேவைப்படாது. குடல் அடைத்தோ ஓட்டை விழுந்தோ அவசரமாக வருபவர்களுக்கு, முக்கியமாக இடப்பக்கக் கட்டிக்கு, வைக்க நேரும். பிறகு பலருக்கு எடுத்துவிடலாம். வலப்பக்கம் எடுத்தவர்களுக்கு முதல் சில மாதம் மலம் இளகலாகப் போகும். அது நிற்காவிட்டால் பித்தநீரில் உள்ள உப்பு பெருங்குடலுக்குள் போவது காரணமாக இருக்கலாம். அதற்கு கொலஸ்டிரமின் பொடி இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.