இசை கேள்வி - பதில்: ரே சார்ல்ஸும் கன்ட்ரி பாட்டும்

கே: சோல் (அமெரிக்கக் கறுப்பர்களின் தேவாலயப் பாட்டில் வேரூன்றிய இசை) பாடகர் ரே சார்ல்ஸ் 1962-ல் திடீரென்று கன்ட்ரி (அமெரிக்க வெள்ளையர்களின் நாட்டுப்புறப் பாணி இசை) ஆல்பம் போட்டது வியாபாரக் கணக்கா? (மதுரை வாசகர்)

ப: 'திடீரென்று' என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. ஃபுளோரிடாவில் சிறுவனாக இருந்தபோதே சனிக்கிழமை இரவுகளில் வானொலியில் நாஷ்வில் நகரத்தின் கன்ட்ரி இசை நிகழ்ச்சியான 'கிராண்ட் ஓல் ஆப்ரி' கேட்டவர் அவர். பதின்வயதில் டாம்பாவில் 'ஃபுளோரிடா பிளேபாய்ஸ்' என்ற வெள்ளையர் கன்ட்ரி குழுவுக்குப் பியானோ வாசித்திருக்கிறார். 1959-லேயே கன்ட்ரி பாடகர் ஹேங்க் ஸ்னோவின் 'ஐ'ம் மூவின் ஆன்' பாட்டைப் பதிவும் செய்துவிட்டார்.

வியாபாரக் கவலை இருந்தது இசைத்தட்டுக் கம்பெனிக்குத்தான். இருக்கிற ரசிகர்களும் போய்விடுவார்களோ என்று ஏபிசி-பாரமவுன்ட் தயங்கியது. ஆனால் என்ன பாடுவது என்பதைத் தானே முடிவுசெய்யும் உரிமையை ஒப்பந்தத்தில் வாங்கி வைத்திருந்தார் ரே. தயாரிப்பாளர் சிட் ஃபெல்லர் நூற்றுக்கும் மேற்பட்ட கன்ட்ரி பாட்டுகளைத் திரட்டிக் கொடுக்க, அதில் 12 தேறின. சிலவற்றுக்குப் பித்தளைக் கருவிகள் முழங்கும் பிக் பேண்ட், மற்றவற்றுக்கு வயலின் கூட்டமும் கோரஸும்.

'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கன்ட்ரி பாடகர் டான் கிப்சன் 1958-ல் வெளியிட்டதைக் கேட்டுவிட்டு ரே பாடியதற்கு வாருங்கள். கோரஸ் பல்லவியைத் தாளம் பிசகாமல் நேராகப் பாடுகிறது. ரே ஒரு இழை தாமதமாக நுழைந்து பதில் சொல்கிறார். கறுப்பர் தேவாலயத்துப் பாட்டு முறை அது. வயலினை மட்டும் கவனிப்பவர்கள், 'இதில் கன்ட்ரி எங்கே?' என்பார்கள். மெட்டிலும் வரிகளிலும் இருக்கிறது. கன்ட்ரிக்கே அடையாளமான ஸ்டீல் கிட்டாரைத் தேடாதீர்கள்.

நடிகர் டாப் ஹன்டர் அதே பாணியில் ஒரு நகலைப் பாடி வெளியிட வந்ததால், நான்கு நிமிடத்தைத் தாண்டிய பாட்டை வெட்டிச் சுருக்கி அவசரமாக சிங்கிளாக (தனிப் பாட்டு இசைத்தட்டாக) இறக்கினார்கள். அமெரிக்க இசைப் பத்திரிகை 'பில்போர்டின்' பாட்டுப் பட்டியலில் 5 வாரம் முதலிடம். ஆல்பம் பட்டியலில் ஆல்பம் 14 வாரம்.

கே: கன்ட்ரி பட்டியலிலும் முதலிடமா? (சேலம் வாசகி)

ப: இல்லை. 1962-ல் அந்தப் பட்டியலில் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கன்ட்ரி முதலிடம் கிடைத்தது 1985-ல், கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனுடன் பாடிய 'செவன் ஸ்பானிஷ் ஏஞ்சல்ஸ்' பாட்டுக்கு. கன்ட்ரி இசையின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் 2021-ல் வந்தது. அவர் இறந்து 17 வருடம் ஆகியிருந்தது!

கே: டி.வி. நிகழ்ச்சிகளில் கன்ட்ரி பாடியிருக்கிறாரா? (திருச்சி வாசகர்)

ப: ஏபிசி சேனலில் 1969 முதல் 1971 வரை வந்த, கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் நடத்திய 'ஜானி கேஷ் ஷோ'வைத் தேடுங்கள். படப்பிடிப்பு நடந்த இடம் நாஷ்வில்லின் ரைமன் அரங்கம். சிறுவயதில் வானொலியில் கேட்டாரே, அந்த ஆப்ரி அப்போது நடந்துகொண்டிருந்ததும் அங்கேதான். 1970-ல் விருந்தினராக வந்த ரே, கேஷின் 'ரிங் ஆஃப் ஃபயர்' பாட்டையே அவருடைய மேடையில் பாடினார். கேஷின் இசைத்தட்டில் மெக்சிகோ பாணி டிரம்பெட்டோடு துள்ளி ஓடும் பாட்டு, ரேயிடம் நிதானப்பட்டு சோல் பாட்டாகவே மாறிவிடுகிறது.

கே: பாடகர் பெர்ரி கோமோவின் டி.வி. நிகழ்ச்சியில் வந்த 'ரே சார்ல்ஸ் சிங்கர்ஸ்' இவருடைய குழுவா? (கோவை வாசகர்)

ப: இல்லை. அந்தக் குழுவின் ரே சார்ல்ஸ் வேறு ஆள், சிகாகோவில் பிறந்த வெள்ளைக்காரக் கோரஸ் நடத்துநர். பெயர் மட்டும் ஒன்று. பழைய இசைத்தட்டு வாங்கும்போது 'சிங்கர்ஸ்' என்று அட்டையில் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.