முதலில் பெயரைப் பாருங்கள், புள்ளியைப் பிறகு பார்க்கலாம்

தம்பி, கனடாவுக்குப் படிக்க வந்து ஏழு மாதம், டொரொன்டோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் (நிலக்கீழ்) அறையில் இருக்கிறேன், புதிதாகப் பார்த்த வீட்டின் சொந்தக்காரர் கிரெடிட் ரிப்போர்ட், அதாவது கடனை எப்படித் திருப்பிக் கட்டுகிறேன் என்று காட்டும் அறிக்கை, கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதை எடுத்துப் பார்த்தாலே, கடன் விஷயத்தில் ஒருவரை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் புள்ளி (கிரெடிட் ஸ்கோர்) குறையும் என்று அறைத்தோழர் சொல்கிறார், இணையத்தில் தேடினால் மாதாமாதம் காசு கட்டச் சொல்கிறார்கள், எதை நம்புவது என்றும் கேட்டிருந்தீர்கள்.

உங்கள் அறிக்கையை நீங்களே எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாலும் ஒரு புள்ளிகூடக் குறையாது. அந்தப் பார்வை உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். புள்ளியைத் தொடுவது வேறு: கடனட்டைக்கோ கார்க் கடனுக்கோ நீங்கள் விண்ணப்பிக்கும்போது கடன் கொடுப்பவர் எடுத்துப் பார்ப்பது. அது ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் பதிவு நிறுவனத்தில் 3 ஆண்டு பதிந்திருக்கும், ட்ரான்ஸ்யூனியன் என்ற இன்னொன்றில் 6 ஆண்டு வரை கிடக்கும். நம்மவர்கள் கடைத்தொகுதியில் தரும் இலவசப் பைக்காக ஒரே மாதத்தில் மூன்று கடனட்டைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு புள்ளி ஏன் இறங்கியது என்று கேட்பதுண்டு. பையின் விலை அது.

கனடாவில் இந்தப் பதிவுகளை வைத்திருப்பவை நான் மேலே சொன்ன இரண்டு நிறுவனங்கள். இரண்டும் உங்கள் அறிக்கையை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும், அது சட்டம். ஆனால் அவர்களின் தளத்துக்குள் போனால் மாதக் கட்டணச் சேவைதான் பெரிய எழுத்தில் கண்ணில் படும். ட்ரான்ஸ்யூனியனில் 'கன்சூமர் டிஸ்க்ளோஷர்' என்ற பெயரில் இருப்பதுதான் இலவசம். கடனட்டை இலக்கம் கேட்கும் பக்கத்துக்கு வந்துவிட்டால் வழி தவறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். இரண்டையும் எடுங்கள். சில வங்கிகள் ஓரிடத்துக்கு மட்டுமே விவரம் அனுப்புவதால், ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லாமல் போகலாம்.

இணையவழியில் கேட்கும்போது, நீங்கள் நீங்கள்தானா என்று அறியப் பழைய கணக்குகளைப் பற்றிச் சில கேள்விகள் வரும். ஏழு மாதத்துக்காரருக்குப் பழைய கணக்கு எங்கே இருக்கிறது? அதனால் பதில் பொருந்தாமல் கதவு மூடிக்கொள்ளலாம். பதறாமல் அவர்களின் படிவத்தை நிரப்பி, அரசாங்கம் கொடுத்த இரண்டு அடையாள ஆவணங்களின் பிரதிகளோடு தபாலில் போடுங்கள். அறிக்கையும் தபாலிலேயே வரும்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் 300க்கும் 900க்கும் இடையில் நிற்கும் அந்தப் புள்ளியைத்தான் தேடுகிறார்கள். உங்களுக்கு அது இன்னும் வராமலேகூட இருக்கலாம். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பெயர், பிறந்த தேதி, முகவரி இருக்கும் முதல் பகுதியை. நம்முடைய பெயர்களின் சங்கடம் இந்த ஊர்ப் படிவங்களுக்குப் புரியாது. ஊரில் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், இங்கே அதைக் குடும்பப் பெயராக்கிப் பின்னால் தள்ளுவார்கள். ஒரு வங்கியில் முழுப்பெயர், இன்னொன்றில் பாதியில் வெட்டிய பெயர், தொலைபேசிக்காரரிடம் இரண்டும் தலைகீழாக. இதே வீட்டில் ஓர் அண்ணனோ தம்பியோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு நடந்தது அதுதான். அண்ணனுக்கும் எனக்கும் தகப்பன் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் இரண்டும் 'சிவ' என்றே தொடங்கும், ஒரே அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அண்ணன் ஒரு கார் வாங்கினார். கடன் கொடுத்த இடத்தில் யாரோ எழுதும்போது தவறியதால், அந்தக் கடன் என் அறிக்கையில் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக் கடனுக்குப் போய் உட்கார்ந்தபோது, "உங்கள் கார்க் கடனை ஏன் விண்ணப்பத்தில் காட்டவில்லை?" என்று கடன் விண்ணப்பத்தைப் பார்த்த அம்மையார் கேட்டார். எனக்கு அப்போது கார் ஓட்டவே தெரியாது! அண்ணன் ஒரு மாதமும் தவறாமல் கட்டியிருந்ததால் பெயர் கெடவில்லை. ஆனால் என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகை போவதாகக் கணக்குப் போட்டு, எனக்குக் கிடைக்கக்கூடிய கடனைக் குறைத்துவிட்டார்கள். சாரதி அனுமதிப்பத்திரம், கடன் ஒப்பந்தம், கடன் கொடுத்த இடத்திலிருந்து ஒரு கடிதம் என்று சேர்த்து அனுப்பி அதை எடுப்பிப்பதற்குள் பார்த்து வைத்த வீடு கைநழுவிப் போனது. தன் நல்ல பெயரில் நான் கொஞ்சக் காலம் வாழ்ந்தேன் என்று அண்ணன் இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

உங்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மாணவராக வந்ததால் உங்கள் சின் இலக்கம் (வேலைக்கும் வரிக்கும் அரசாங்கம் தரும் சமூகக் காப்புறுதி இலக்கம்) 9 இல் தொடங்கும். நாளைக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தால் புது இலக்கம் வரும். அன்றைக்கே வங்கிக்கும் இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த வரலாறு பழைய இலக்கத்தோடு ஒரு பக்கமும், புது ஆள் போல நீங்கள் இன்னொரு பக்கமும் நிற்க நேரலாம்.

கணக்குகள் இருக்கும் பகுதியில் ஆர், ஐ என்ற எழுத்துகளும் பக்கத்தில் ஓர் இலக்கமும் இருக்கும். ஆர் என்றால் கடனட்டை போலச் சுழலும் கடன், ஐ என்றால் தவணைக் கடன். இலக்கம் 1 என்றால் நேரத்துக்குக் கட்டுகிறீர்கள், 9 என்றால் வராக்கடன். உங்களுக்குத் தெரியாத கணக்கு ஏதாவது இருக்கிறதா, மூடிய கணக்கு திறந்ததாகக் காட்டுகிறதா, வசூல் நிறுவனத்தின் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று பாருங்கள். வீடு மாறும்போது கடைசித் தொலைபேசிக் கட்டணம் பழைய முகவரிக்குப் போய், அற்பத் தொகை வசூல்காரர் கைக்குப் போன கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. பிறகு கட்டினாலும் கட்டியதாகக் குறிப்பார்களே தவிர, பதிவு பொதுவாக 6 ஆண்டு இருக்கும்.

பிழை இருந்தால் அந்த அறிக்கையைத் தந்த நிறுவனத்துக்கே ஆதாரத்தோடு எழுதுங்கள், செலவில்லை. கடன் கொடுத்தவரிடமும் அதே நாளில் எழுதுவது நல்லது. அறிக்கை தந்த நிறுவனம் திருத்த மறுத்தால், உங்கள் பக்க விளக்கத்தை அறிக்கையில் சேர்க்கச் சொல்லலாம். காசு தந்தால் கெட்ட பதிவை அழித்துத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது, பிழையான பதிவை நீங்களே இலவசமாக எடுப்பிக்கலாம்.

ஊரில் சீட்டுக் கட்டியதும், நகை அடகு மீட்டதும், இங்கே ஆட்களுக்குள் நடத்தும் சீட்டும் இந்தப் பதிவில் ஒரு வரியாகக்கூட வராது. ஆகவே கடனட்டையை அளவாகப் பாவியுங்கள். எல்லை 500 டொலர் என்றால் நிலுவையை 150க்குள் வைத்திருங்கள். மாதம் முழுவதும் 400க்குச் சாமான் வாங்கிக் கடைசி நாளில் முழுதாகக் கட்டினாலும், வங்கி பெரும்பாலும் அறிவிப்பது பில் அச்சாகும் நாளின் நிலுவையைத்தான். அதற்கு முன்பே ஒரு தடவை கட்டிவிடுங்கள்.

வீட்டுக்காரர் விஷயம். நீங்கள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அவர் அறிக்கை கேட்கலாம். ஆனால் புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறே இல்லை என்பதைக் குறையாக எடுக்கக் கூடாது என்பது மாகாண மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. முன்பணமாகக் கடைசி மாத வாடகைக்கு மேல் கேட்கவும் அவருக்கு உரிமை இல்லை. அறிக்கையோடு வேலைக் கடிதமும், இப்போதைய வீட்டுக்காரரிடமிருந்து ஒரு குறிப்பும் வைத்துக் கொடுங்கள். கொடுக்கும் பிரதியில் சின் இலக்கம் தெரிந்தால் கறுப்பு மையால் மறைத்துவிடுங்கள், வாடகைக்கு அது தேவையில்லை.

தபாலில் அனுப்புவதானால் முகவரியில் 'பேஸ்மென்ட்' என்பதைச் சேர்க்க மறக்க வேண்டாம். மேல்வீட்டுக்காரரின் விளம்பரத் தாள்களோடு சேர்ந்து குப்பைக்குப் போன அறிக்கைகளை நான் கண்டிருக்கிறேன்.